புட்டி யாருடையது என்று கேட்காதே

ஆத்தங்கரைத் தோட்டம், சாஆ
ஜோகூர், 1934 மார்ச் 12

அன்புள்ள தம்பி சின்னத்தம்பிக்கு,

அண்ணன் அய்யாவு எழுதுவது. நான் சுகம், முழங்கால் தவிர. உன் அண்ணி கருப்பாயி தானும் சுகம் என்கிறாள். மூவாரில் நீயும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மரக்கடையில் உன் கணக்கு வேலை எப்படிப் போகிறது என்பதைப் பிறகு எழுது. இந்தக் கடிதத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

என் மேல் போலீஸ் வழக்குப் போட்டிருக்கிறது. குடித்துவிட்டு லாரி ஓட்டினேனாம்.

சிரித்துவிட்டாயா? சிரித்து முடித்துவிட்டுப் படி.

போன திங்கட்கிழமை தோட்டத்துக்குப் புது லாரி வந்தது. மறுநாள் காலையில் ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு லாபிஸ் ரயில் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டேன். முனியாண்டி மரத்து வளைவில் ஓர் எருமை குறுக்கே வந்தது. எருமையைக் காப்பாற்றினேன். லாரி பள்ளத்தில் இறங்கிவிட்டது. இறங்கின வேகத்தில் என் இருக்கைக்கு அடியில் இருந்த ஒரு சம்சு புட்டி உடைந்து, என் கால்சட்டை முழுக்கச் சீனன் கடைச் சாராயம். அந்த நேரம் பார்த்து வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான்.

சிகாமட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர் தரையில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அதன் மேல் நடந்து காட்டச் சொன்னான். மாட்டேன் என்றேன். அதையும் எழுதிக்கொண்டான்.

இந்தத் தோட்டத்து மதுவிலக்குச் சங்கத்தின் தலைவன் நான். கம்பெனி நடத்துகிற கள்ளுக்கடையை மூடச் சொல்லி மனு எழுதினவன் நான். தோட்டத்துத் துரைக்கு இப்போது என் மேல் திடீர்ப் பிரியம். "அய்யாவு, கம்பெனி வக்கீலையே உனக்கு வைக்கிறேன். குடித்தேன் என்று ஒப்புக்கொள், அபராதத்தோடு விட்டுவிடுவார்கள்" என்கிறான். ஒப்புக்கொள்வதற்கு வக்கீல் எதற்கு? என் தலையே ஆடுமே.

தண்டனை என்று வந்தால் லைசென்ஸ் போகும், வேலை போகும், இந்த லயத்து வீடும் போகும். அதைவிட, அய்யாவு குடிகாரன் என்று எழுதினது எழுதினதாகவே நிற்கும். மூவாரில் ஒரு நல்ல வக்கீலாகப் பார். கோர்ட்டில் அவர் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: அய்யாவு குடிக்கவில்லை. புட்டி என்னுடையதல்ல.

கருப்பாயிக்கு ஏனோ இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. வெயில்தான் காரணமாக இருக்கும்.

அண்ணன்
அய்யாவு

*

மூவார்
1934 மார்ச் 21

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு,

தம்பி சின்னத்தம்பியின் வணக்கம். உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் ஒன்று அனுப்பியிருக்கிறேன். அண்ணியிடம் கொடுத்துத் தேய்த்துவிடச் சொல்லுங்கள். இங்கே எல்லாரும் நலம்.

நான் சிரிக்கவில்லை அண்ணா. என் மனைவிதான் சிரித்தாள். பிறகு அழுதாள்.

வாலண்டைன் என்று ஒரு வக்கீல். நம்மவர், கிறிஸ்து வேதக்காரர். ஆற்றங்கரைப் பக்கம் ஆபீஸ். எங்கள் முதலாளிக்கு நிலத் தகராறில் ஜெயித்துக் கொடுத்தவர். உங்கள் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன். எருமை வந்த இடத்தில் தலையாட்டினார். கோட்டின் மேல் நடக்க மறுத்த இடத்தில் சுருட்டைக் கீழே வைத்துவிட்டார்.

வழக்கை எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். அதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டுமாம். ஏன் நடக்கவில்லை? புட்டி யாருடையது?

அண்ணா, நான் கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். அந்தக் கோட்டில் நாலு அடி எடுத்து வைத்திருந்தால் இந்த வழக்கே இல்லையே!

பதிலை எதிர்பார்க்கும் தம்பி,
சின்னத்தம்பி

*

ஆத்தங்கரைத் தோட்டம், சாஆ
1934 மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

எண்ணெய் வந்தது. நாற்றம் தாங்கவில்லை, ஆனால் வலி குறைந்திருக்கிறது. நீங்கள் எல்லாரும் நலம் என்பதில் சந்தோஷம்.

முதல் கேள்விக்குப் பதில். பள்ளத்தில் விழுந்து முழங்கால் வீங்கியிருந்தது. அதற்காக நான் மறுக்கவில்லை. அந்த டாக்டர் என் பேரைக் கேட்கவில்லை. அடிபட்டதா என்று கேட்கவில்லை. விரலால் தரையைக் காட்டி, நட என்று மலாயில் "ஜாலான்!" என்றான். குதிரையைக்கூடத் தட்டிக்கொடுத்துத்தான் நடக்கச் சொல்வார்கள். மறுபடி கோடு போட்டாலும் மறுபடி மறுப்பேன். இதை உன் வக்கீலிடம் அப்படியே சொல்.

இரண்டாவது கேள்விக்குப் பதில். புட்டி யாருடையது என்று கேட்காதே. என்னுடையதல்ல. அதோடு சரி.

நேற்றுச் சங்கத்துக் காரியதரிசி ஜெயபாலன் வீட்டுக்கு வந்தான். தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். நேற்று முளைத்த மீசை. காபியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, கேஸ் முடியிற வரைக்கும் நீங்க கொஞ்சம் ஒதுங்கி இருந்தா நல்லா இருக்கும்லா" என்றான்.

"எவ்வளவு தூரம் ஒதுங்கணும்? சாக்குக்கட்டி கொண்டாந்தியா, கோடு போட்டுக் காட்டு" என்றேன்.

"கோவப்படாதீங்க. லயத்துல பேச்சு வருது. தலைவர் சீட்டுக்கு அடியிலயே புட்டியாம்னு சிரிக்கிறாங்க."

"சிரிக்கிறவன் பேரைச் சொல்லு. அவன் எத்தனை நாள் கள்ளுக்கடை வாசல்ல படுத்துக் கிடந்தான்னு நான் சொல்றேன்."

காபியைக் குடிக்காமலே போய்விட்டான். கருப்பாயி அதை எடுத்துக் கொட்டிவிட்டு வெகுநேரம் பின்கட்டிலேயே நின்றிருந்தாள்.

வக்கீலிடம் இன்னொன்றும் கேள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் திராட்சை ரசம் குடிக்கிறவர்தானே, குடிக்காதவனுக்காகப் பேச வாய் வருமா?

அண்ணன்
அய்யாவு

*

மூவார்
1934 ஏப்ரல் 19

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு,

வணக்கம். சின்னவளுக்கு அம்மை போட்டிருந்ததால் பதில் தாமதமாகிவிட்டது. தண்ணீர் ஊற்றியாயிற்று. இப்போது ஓடி விளையாடுகிறாள். நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணியைப் பற்றி இரண்டு வரியாவது எழுதுங்கள்.

வக்கீல் உங்கள் பதிலைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். ரசத்தைக் குடிப்பவர் பாதிரியார்தானாம், தனக்கு அப்பம் மட்டுந்தான் என்று சொல்லச் சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்: "உங்க அண்ணன் தேடுறது வக்கீலை இல்ல. தான் சொன்னதைத் திருப்பிச் சொல்ற மலையை."

அவருடைய வாதம் இது. சாராய நாற்றம் இருந்தது, உடைந்த புட்டி இருந்தது, டாக்டர் சொன்னதற்கு நீங்கள் மறுத்தது இருக்கிறது. எதிரே "என்னுடையதல்ல" என்ற ஒரு சொல் மட்டும் போதாது. அந்தப் புட்டி எப்படி வந்தது என்று யாராவது சொல்ல வேண்டும்.

அவரே ஒரு வழியும் சொல்கிறார். புது வண்டி வந்தால் தோட்டத்து டிரைவர்கள் முனிக்குச் சாராயம் கொண்டுபோய் முன் சக்கரத்தில் ஊற்றுவது ஜோகூர் முழுக்கத் தெரிந்த வழக்கம். போலீஸ்காரர்களுக்கும் தெரியும். முனிக்காக வாங்கி வைத்தேன் என்று நீங்கள் சொன்னால் நிற்குமாம்.

சொல்லிவிடுங்கள் அண்ணா. இதில் அவமானம் ஒன்றும் இல்லை.

அன்புத் தம்பி,
சின்னத்தம்பி

*

ஆத்தங்கரைத் தோட்டம், சாஆ
1934 ஏப்ரல் 25

தம்பிக்கு,

குழந்தை தேறியது கேட்டு நிம்மதி. கருப்பாயியும் மாரியம்மனுக்கு விளக்குப் போட்டாள். நீ அவளைப் பற்றிக் கேட்டிருந்தாய். இருக்கிறாள்.

உன் வக்கீலின் யோசனையைப் படித்து இரண்டு நாள் வண்டி கழுவும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். இப்போது எனக்கு அங்கேதான் வேலை. லாரியை வேறொருவன் ஓட்டுகிறான், நான் கழுவுகிறேன்.

இந்த லயங்களில் வீடு வீடாகப் போய் நான் சொன்னது என்ன? குடியை விடுங்கள், சாமிக்கும் ஊற்றாதீர்கள், சாமி பேரைச் சொல்லி வாங்குகிற புட்டி சாமியிடம் பாதிதான் போகிறது என்று சொன்னேன். புது லாரிக்கு முனி பூஜை போட வேண்டும் என்று கூட்டமாக வந்தார்கள். தேங்காயும் எலுமிச்சம்பழமும் போதும் என்று திருப்பி அனுப்பினேன். அப்படிப்பட்டவன் கூண்டில் ஏறி, முனிக்குச் சம்சு வாங்கி வைத்தேன் என்று சொல்வதா? நான் வாங்கவில்லை. வாங்காததை வாங்கினேன் என்று சொல்வதற்கும், குடிக்காததைக் குடித்தேன் என்று சொல்வதற்கும் என்ன வித்தியாசம்? துரை கேட்பது ஒரு பொய், வாலண்டைன் கேட்பது இன்னொரு பொய்.

ஆகவே அவர் வேண்டாம். என் பேரில் உள்ள காகிதங்களைத் திருப்பி வாங்கிக்கொள். என் வழக்கை நானே பேசுவேன். பள்ளிக்கூடம் போகாமலே தமிழ் எழுதப் படித்தேன், ஆபீஸ் கிராணிகள் தூக்கிப் போட்ட பத்திரிகையை வைத்து இங்கிலீஷும் படித்தேன். கண்ணாடி முன் நின்று பேசிப் பார்க்கிறேன். நன்றாகத்தான் வருகிறது.

விசாரணை ஜூன் பதினொன்று, சிகாமட் கோர்ட்டில். நீ வர வேண்டாம்.

அய்யாவு

*

மூவார்
1934 மே 6

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு,

வணக்கம். இங்கே நலம்.

வக்கீல் காகிதங்களைத் திருப்பித் தரவில்லை. "அவர் கையால வந்து வாங்கிக்கட்டும்" என்கிறார்.

அண்ணா, நான் உங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். உங்களுக்குப் பொய் வராது, அது எனக்குத் தெரியும். பொய் வராத மனிதர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்றும் தெரியும். யாரைக் காப்பாற்றுகிறீர்கள்?

அண்ணி சாப்பிடுகிறாரா?

தம்பி,
சின்னத்தம்பி

*

ஆத்தங்கரைத் தோட்டம், சாஆ
1934 மே 24

கொழுந்தனாருக்கு அண்ணி கருப்பாயி சொல்லச் சொல்ல, தோட்டத்து ஆஸ்பத்திரி ஆயா அந்தோணியம்மாள் எழுதுவது.

நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நல்லா இருக்கணும். உங்க கடுதாசி வந்தது. உங்க அண்ணன் படிச்சாங்க. மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டாங்க. பதில் எழுதலை. அதனால நான் எழுதறேன்.

புட்டி நான் வெச்சது.

புது வண்டிக்கு முனி பூஜை வேணாம்னு சொல்லிட்டாங்க. எனக்கு மனசு கேக்கலை. அந்த வளைவுல முன்னாடி ரெண்டு வண்டி கவுந்திருக்கு. பயந்துபோய்ச் சீனன் கடையில ஒரு சம்சு வாங்கி, விடியிறதுக்குள்ள சீட்டுக்கு அடியில துணி சுத்தி வெச்சேன். அவங்க ஊத்த வேணாம். வண்டியோட முனியைத் தாண்டிப் போனாப் போதும், சாயங்காலம் நானே எடுத்துட்டுப் போய் மரத்தடியில ஊத்திட்டு வந்துடலாம்னு நெனச்சேன். முனிக்கு நான் நேர்ந்துக்கிட்டதும் தவறாது, இவங்க சொல்லும் தவறாது. அப்படி ஒரு புத்தி எனக்கு.

இவங்களுக்குத் தெரியும். என் பழைய சேலைத் துணியைக் கண்ணாடித் துண்டோட பார்த்துட்டாங்க. போலீஸ்காரன் பார்க்கிறதுக்குள்ள எடுத்துப் பையில போட்டுக்கிட்டாங்க. வீட்டுக்கு வந்து அதைத் துவைச்சுக் கொடியில போட்டாங்க. ஒரு வார்த்தை கேக்கலை. இன்னிக்கு வரைக்கும் கேக்கலை. அடிச்சாக்கூடத் தாங்கிக்குவேன் கொழுந்தனாரே.

நான் கோர்ட்டுல வந்து சொல்றேன். வக்கீல் ஐயாகிட்ட சொல்லுங்க. இவங்ககிட்ட சொல்ல வேணாம்.

இது அந்தோணியம்மாள்: ஐயா, உங்கள் அண்ணன் கண்ணாடி முன்னால் பேசும் இங்கிலீஷைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து தினமும் கேட்கிறேன். மாஜிஸ்ட்ரேட்டை "மை டியர் சார்" என்று கூப்பிடுகிறார். கர்த்தர்தான் காப்பாற்ற வேண்டும். சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள்.

*

மூவார்
1934 ஜூன் 1

அண்ணி அவர்களுக்கு (அந்தோணியம்மாள் படித்துக் காட்டவும்),

வணக்கம். நீங்கள் தைரியமாக இருங்கள். முதலில் சாப்பிடுங்கள்.

வக்கீலிடம் எல்லாம் சொன்னேன். அவர் வேண்டாம் என்று சொன்ன ஆளுக்காக அவர் கோர்ட்டில் எழுந்து பேச முடியாதாம். அது அவர்கள் தொழில் விதி. அண்ணன் வாயால் "என் வக்கீல்" என்று சொல்ல வேண்டும். ஆனாலும் அன்றைக்குச் சிகாமட்டில் தனக்கு வேறு வழக்கு இருப்பதாகவும், அந்த அறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை என்றும் சொல்கிறார். வேறு வழக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள். சாட்சி உண்டா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்பார். அப்போது எழுந்திருங்கள்.

கொழுந்தன்,
சின்னத்தம்பி

*

ஆத்தங்கரைத் தோட்டம், சாஆ
1934 ஜூன் 14

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் உடம்பைத்தான் இப்போது நீ பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், நான் மூவார் வருவதற்குள். நீயும், அந்தச் சுருட்டுக்காரரும், அடுத்த வீட்டு ஆயாவும் சேர்ந்து செய்த சதி எனக்குத் தெரிந்துவிட்டது.

விசாரணையன்று காலையில் மாஜிஸ்ட்ரேட் கேட்டார். வயதான மலாய்க்காரர், நிதானமான மனிதர். "வக்கீல் இருக்கிறாரா?" "வேண்டாம்" என்றேன். இன்ஸ்பெக்டர் பேசினான், டாக்டர் பேசினான். பிறகு நான் என் இங்கிலீஷில் பேசினேன். ஒழுங்காகத்தான் பேசினேன். ஏன் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை. கடைசியில் மொழிபெயர்க்கிற துபாஷி தமிழில் கேட்டான், "சாட்சி உண்டா?"

"இல்லை" என்றேன்.

"இருக்கு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.

கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்கினார்கள். எல்லாவற்றையும் சொன்னாள். உன் புருஷன் குடிப்பதுண்டா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். "அவரும் குடிக்கமாட்டாரு, முனியையும் குடிக்க விடமாட்டாரு. அதான் ஒளிச்சு வெச்சேன்" என்றாள். துபாஷி இதை மலாயில் சொன்னதும் காவலுக்கு நின்ற போலீஸ் மாத்தா மாத்தாகூடச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

பிறகு இன்ஸ்பெக்டர் எழுந்தான். "எந்தக் கடையில் வாங்கினாய்? யார் பார்த்தார்கள்? மூன்று மாதம் ஏன் வாயை மூடியிருந்தாய்? இப்படிச் சொல்லச் சொல்லிக்கொடுத்தது யார்?" ஒன்றுக்குப் பதில் வருவதற்குள் இன்னொன்று. துபாஷியும் அவனைப் போலவே கத்தினான். கருப்பாயி கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். அந்தக் கை இந்தத் தோட்டத்து ரப்பர் மரங்களில் பால் வெட்டின கை. அது கம்பியை விட்டு முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

"ஐயா, எனக்கு வக்கீல் வேணும்" என்றேன்.

மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழற்றினார். "காலையில் வேண்டாம் என்றாயே?"

"காலையில எனக்கு வேண்டியிருக்கலை. இப்ப அவளுக்கு வேணும்."

"சாட்சிக்கு வக்கீல் கிடையாது. வழக்கு உன் பேரில்தான் இருக்கிறது."

"அப்ப எனக்கே வேணும். எழுதிக்கோங்க. அதோ, சும்மா உட்கார்ந்திருக்காரே, அவருதான் என் வக்கீல்."

வாலண்டைன் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டே எழுந்தார். அதற்காகவே காலையிலிருந்து பித்தானைக் கழற்றி வைத்திருந்தார் போலிருக்கிறது. முதலில் இன்ஸ்பெக்டரை ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேட்க வைத்தார். கருப்பாயி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். மூன்று மாதம் ஏன் சொல்லவில்லை என்பதற்கு, "யாரு என்னைக் கேட்டாங்க?" என்றாள். பிறகு அவர் டாக்டரைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார்.

"நாற்றம் இவர் வாயிலிருந்து வந்ததா, கால்சட்டையிலிருந்து வந்ததா?"

டாக்டர் யோசித்தான். "நான் கிட்டே போகவில்லை. போகும்படி அவர் நடந்துகொள்ளவில்லை."

"முழங்காலைப் பார்த்தீர்களா?"

"இல்லை."

அவ்வளவுதான். வழக்குத் தள்ளுபடி. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். வாசலில் வாலண்டைன் கை நீட்டினார். நானும் கை கொடுத்தேன். "அந்தக் கோட்டின் மேல் நடந்திருக்கலாம்" என்றார். "நடக்கமாட்டேன்" என்றேன்.

ரயிலில் வரும்போது கருப்பாயி எதிரே உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். லாபிஸ் நெருங்கியதும், "கோவமா?" என்றாள். ஆமாம் என்றேன். யார் மேல் என்று கேட்டாள். விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன். பட்டியல் நீளமானது.

வக்கீலிடம் என் வணக்கத்தைச் சொல். நன்றி என்ற சொல்லை இப்போதைக்கு நீயே சேர்த்துக்கொள்.

அண்ணன்
அய்யாவு

*

மூவார்
1934 ஜூன் 20

மரியாதைக்குரிய அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

வணக்கம். இங்கே எல்லாரும் நலம். தெரு முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தோம்.

வக்கீலிடம் நன்றியைச் சேர்த்தே சொன்னேன். சேர்த்தது நான் என்று கண்டுபிடித்துவிட்டார்.

இனிமேல் உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. சங்கத்திலும் எல்லாரும் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

அன்புத் தம்பி,
சின்னத்தம்பி

*

ஆத்தங்கரைத் தோட்டம், சாஆ
1934 ஜூலை 16

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். லாரி என் கைக்குத் திரும்பி வந்துவிட்டது. துரைக்கு மனம் இல்லைதான். ஆனால் எனக்குப் பதில் ஓட்டியவன் இரண்டு முறை கியரை உடைத்துவிட்டான்.

சங்கம் சந்தோஷப்பட்டிருக்கும் என்று எழுதியிருந்தாய். நீ டவுனில் இருக்கிறாய், உனக்கு அப்படித்தான் தோன்றும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஜெயபாலன் ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டு வந்திருந்தான். தலைவர் வீட்டுக்கே சாராயம் வந்ததால் சங்கத்துக்குக் களங்கமாம். கருப்பாயி கூட்டத்தின் முன் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். இல்லையென்றால் நான் விலக வேண்டுமாம்.

"அவ கோர்ட்டுல நின்னாளே, அது பத்தாதா உனக்கு?" என்றேன்.

"அது வேற, இது வேறண்ணே. இது கொள்கை."

"கொள்கையை உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அவ என்னை ஏமாத்தினா. அது என் வீட்டு விவகாரம். உங்களை அவ ஏமாத்தலை. ஊருக்கு முன்னால உண்மையைச் சொன்னா. இங்க உட்கார்ந்திருக்கிறவங்கள்ல எத்தனை பேர் வீட்டுல முனிக்குப் புட்டி வருதுன்னு நான் சொல்லட்டுமா?"

ஒருவரும் நிமிரவில்லை. ஆனாலும் கை தூக்கச் சொன்னபோது தூக்கினார்கள். தலைவர் பதவி போயிற்று. போகட்டும். மன்னிப்புக் கேட்க அவளை அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கருப்பாயி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "தலைவர் இல்லேன்னா கூட்டத்துக்குப் போகக் கூடாதா?" என்று கேட்டாள். போகலாம், அங்கத்தினன்தானே என்றேன். "அங்கத்தினராக என்ன வேணும்?" குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும் என்றேன். "நான் எப்பக் குடிச்சேன்?" என்றாள்.

நேற்று ஞாயிறு. சங்கக் கூட்டம் நடக்கும் கொட்டகைக்குள் இருவரும் போனோம். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். ஜெயபாலன் பேச்சை நிறுத்தினான்.

"அண்ணே, பொம்பளைங்க இங்க..."

"சங்க விதியை எழுதினவன் நான். பொம்பளை வரக்கூடாதுன்னு எந்த வரியில இருக்கு, படிச்சுக் காட்டு."

புரட்டிப் பார்த்தான். பிறகு மூடி வைத்தான். கருப்பாயி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு நேரே பார்த்து உட்கார்ந்தாள். வெளியே வேலி ஓரம் நின்றிருந்த பெண்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். அந்தோணியம்மாள் உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளை நான் கூப்பிடவில்லை.

கூட்டம் நடந்தது. கள்ளுக்கடையைப் பற்றித்தான் பேச்சு. ஜெயபாலன் தப்புத் தப்பாகப் பேசினான். நான் குறுக்கிடவில்லை. கருப்பாயிதான் எழுந்து, "கடையை மூடணும்னு ஆம்பளைங்ககிட்டயே கேட்டுக்கிட்டிருந்தா எப்படி மூடும்?" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன்
அய்யாவு